“எப்போது என்னை அனுப்பிவைப்பீர்கள்?” என்று கேளுங்கள்

கேள்வி: எனக்கு 23 வயது. தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு மீனவ ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். தாய்வீடு ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம். இது முதல் கர்ப்பம். ஐந்தாம் மாதம் முடியப்போகிறது. நவம்பர் கடைசி வாரத்துக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் வயதான மருத்துவச்சி அப்பத்தா ஒருவர் இருக்கிறார். என் கணவரைப் பிறந்தபோது கையில் வாங்கியவர் அவர்தான். “கைராசிக்காரி, அவரிடமே பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார் மாமியார். முன்பு கிளினிக்கில் வேலை பார்த்த சிஸ்டர் ஒருவர், “வீட்டுக்கே வந்து ஊசி போட்டுச் சீக்கிரம் முடித்துக்கொடுக்கிறேன்” என்கிறார். கிராம சுகாதார செவிலியரோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்கிறார். நாத்தனாருக்குத் தனியார் மருத்துவமனையில் சிசேரியன் செய்துவிட்டார்கள். அக்கா அரசு மருத்துவமனையில் வலி தாங்காமல் கத்தியபோது திட்டு வாங்கினாள். எனக்கு இரண்டும் பயமாக இருக்கிறது. ரத்தம் (ஹீமோகுளோபின் அளவு) 9.2 இருப்பதாகச் சொன்னார்கள். குளுக்கோஸ் தண்ணீர் குடித்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, வாந்தி வரும் என்று போகவில்லை. கணவர் கடலுக்குப் போகிறவர். நல்ல மருத்துவச்சியை எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

யாரிடம் பிரசவம் பார்ப்பது என்று ஐந்தாம் மாதத்திலேயே யோசிக்கிறீர்களே, அதற்கே முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும். எங்கள் கடற்கரையில் பலரும் வலி எடுத்த பிறகுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம், அப்பத்தாவிடமும் சரி, அந்த சிஸ்டரிடமும் சரி. ஆனால் அப்பத்தாவை ஒதுக்கவும் வேண்டாம். அவருக்கு உங்கள் பிரசவத்தில் ஓர் இடம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மாமியார் கைராசி என்று சொல்வதை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும் வரை உங்கள் தாய்வீட்டுத் தீவிலிருந்து வெளியே வர ரயில் அல்லது படகுதான். நமது மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியதே 2008-இல்தான். அதற்கு முன் நடுச்சாமத்தில் வலி எடுத்தால் மண்ணெண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றவர்கள் இந்த அப்பத்தாக்கள்தான். ஊர் அவர்களுக்குக் கொடுத்தது கொஞ்சம் நெல்லும் ஒரு சேலையும். பல ஊர்களில் பிள்ளை பிறந்த மறுநாள் அதே வீட்டுத் திண்ணையைத் தாண்டி அவர்களை உள்ளே விடவில்லை. அந்தப் பெண்களுக்கு நாம் பட்ட கடன் பெரியது. வலியில் துடிக்கும் பெண்ணைத் தனியே விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது என்ற பெரிய மருத்துவத்தை அவர்கள் படிக்காமலேயே செய்தார்கள்.

ஆனால் கைராசிக்கு எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு வரும் ரத்தப்போக்கு அது. பிள்ளையும் நச்சுக்கொடியும் வெளியே வந்தபின் கருப்பை சுருங்கி இறுக வேண்டும். நாங்கள் தொப்புளுக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்ப்போம். தேங்காயைத் தொட்டதுபோல் கெட்டியாக இருந்தால் நிம்மதி. மாவு மாதிரி கொழகொழவென்று இருந்தால் ரத்தக் குழாய்கள் திறந்தே கிடக்கின்றன என்று பொருள். அப்போது ரத்தம் பீறிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை. தாய் பேசிக்கொண்டே இருப்பார், துணி மட்டும் நனைந்துகொண்டே இருக்கும். 500 மில்லி லிட்டர் தாண்டினாலே நாங்கள் ஆபத்து என்று எடுத்துக்கொள்வோம். நிறுத்தாமல் விட்டால் 2 மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். இந்த நிலை யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. கர்ப்ப காலம் முழுக்க எந்தக் குறையும் இல்லாத பெண்ணுக்கும் வரும். ரத்தம் 9.2 உள்ள பெண்ணுக்கோ இழக்கக் கூடுதலாக எதுவும் கையிருப்பில் இல்லை. 2018 ஜூலையில் திருப்பூரில், வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றபோது ஒரு தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். செய்தித்தாள்களில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

சுகாதார நிலையத்தில் இதற்கு என்ன வைத்திருக்கிறோம்? பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போட்டுவிடுவோம். கருப்பையைச் சுருங்கவைப்பது அதுதான். அது குளிரில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. நம் ஊர் வெயிலில் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு திரிந்தால் வீரியம் போய்விடும். பிரசவ அறைக்குப் போய்ப் பார்க்கும்போது, ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இருக்கிறதா என்று பாருங்கள். அழாமல் பிறக்கும் பிள்ளைக்கு முதல் நிமிடத்திலேயே மூச்சு கொடுக்க, கையால் அமுக்கிக் காற்றுத் தரும் பையும் முகமூடியும் கட்டில் பக்கத்திலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும். அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் பயனில்லை. இந்த இரண்டையும் நீங்கள் கண்ணால் பார்த்துவிடலாம். அதற்குப் படிப்பு தேவையில்லை.

இப்போது அந்த சிஸ்டர் விஷயம். அப்பத்தாவை விட அவரைப் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். “ஊசி போட்டுச் சீக்கிரம் முடித்துக்கொடுக்கிறேன்” என்று அவர் சொல்வதும் பெரும்பாலும் அதே ஆக்சிடோசின்தான். பிள்ளை பிறந்த பிறகு போட்டால் உயிரைக் காக்கும். பிறப்பதற்கு முன்னால், இதயத் துடிப்பைக் கேட்க ஆளும் கருவியும் இல்லாமல் வீட்டில் வைத்து வலி ஊசியாகப் போட்டால், வலி ஒன்றன்மேல் ஒன்றாக வந்து பிள்ளைக்கு மூச்சு முட்டும். கருப்பையே கிழிந்துபோகலாம். மருத்துவமனையிலும் வலி வர இதைக் கொடுப்பதுண்டு. ஆனால் சொட்டு எண்ணி, துடிப்பைப் பார்த்துக்கொண்டே, அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கும் இடத்தில்தான் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து வலி ஊசி போடுகிறேன் என்று சொல்பவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் படித்தவரா என்பதும் தெரிய வேண்டும். முறையாகப் படித்த செவிலியர் தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமத்தில் பதிவு செய்திருப்பார். பதிவு எண்ணைக் கேட்டால் உண்மையான செவிலியர் கோபித்துக்கொள்ள மாட்டார். கிளினிக்கில் கூடமாட வேலை பார்த்தவர்களையும் நாம் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம்.

வெளிநாடுகளில் தாதியர் வீட்டிலேயே பிரசவம் பார்க்கிறார்களே என்று உங்களுக்குத் தோன்றலாம். உண்மைதான். இங்கிலாந்தில் அப்படி நடக்கிறது. அங்கே வருபவர் பல ஆண்டுகள் அதையே படித்துப் பதிவு பெற்றவர். சிக்கல் இல்லாத கர்ப்பம் என்று உறுதியானவர்களுக்கே அந்த வழியைப் பரிந்துரைக்கிறார்கள். தொலைபேசியில் சொன்னால் மருத்துவமனை தயாராக இருக்கும். அப்படியிருந்தும், 2011-இல் வெளியான 64,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்த ஆய்வில், வீட்டில் முதல் பிரசவத்தைத் தொடங்கிய பெண்களில் 100-க்கு 45 பேரை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவு! உங்கள் ஊரிலிருந்து நடுவழியில் மாற்றுவது என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

இந்தியாவிலும் மகப்பேறு தாதியருக்கென்று தனிப் பயிற்சிக்கு 2018-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஏற்கெனவே செவிலியராக இருப்பவர் 18 மாதம் கூடுதலாகப் படித்து, சிக்கலில்லாத பிரசவங்களைத் தாமே முன்னின்று பார்க்கும் திட்டம் அது. நாடு முழுவதும் அவர்கள் போதுமான அளவுக்கு வர இன்னும் காலம் பிடிக்கும். இன்றைக்கு ராமநாதபுரம் கரையில் உங்களுக்கு மருத்துவச்சியாக வாய்ப்பவர்கள் இரண்டு பேர். கர்ப்ப காலம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் கிராம சுகாதார செவிலியர் ஒருவர்; பிரசவ அறையில் நிற்கும் பணிச் செவிலியர் இன்னொருவர். முதலாமவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, ஊருக்கு யாரோ அவர்தான். இரண்டாமவர், நீங்கள் போகும் நேரத்தில் யார் பணியில் இருக்கிறாரோ அவர். அப்படியானால் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எந்த இடம் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த இடத்தில் இருப்பவர்களை முன்கூட்டியே அறிமுகம் செய்துகொள்ளலாம். அவர்களிடம் சரியான கேள்வியைக் கேட்டு, பதிலை வைத்து எடைபோடலாம்.

அந்தக் கேள்வி இதுதான்: “அக்கா, எந்த நிலை வந்தால் என்னை இங்கே வைத்துக்கொள்ளாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்?”

இதைக் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். “எல்லாம் நல்லபடியாக நடக்கும், கவலைப்படாதே” என்று மட்டும் சொன்னால் அது ஆறுதல், பதில் ஆகாது. நல்ல செவிலியர் யோசிக்காமல் அடுக்குவார். ரத்த அழுத்தம் 140-க்கு 90 தொட்டால் அனுப்புவேன். பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாக வந்தால் அனுப்புவேன், பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. பிள்ளையின் துடிப்பு நிமிடத்துக்கு 110-க்குக் கீழே போய் அங்கேயே நின்றாலும், 160-க்கு மேலே ஏறி நின்றாலும் அனுப்புவேன். நீர் உடைந்து நேரமாகியும் வலி வராவிட்டால், வலி இருந்தும் கருப்பை வாய் திறக்காமல் நின்றுவிட்டால், பிள்ளை குறுக்காகவோ இடுப்பு கீழாகவோ இருந்தால், இரட்டையாக இருந்தால்... இப்படிச் சொல்லிக்கொண்டே போவார். அடுத்து, யாரைக் கூப்பிடுவேன், எந்த வண்டி, எங்கே அனுப்புவேன் என்பதையும் சொல்வார். தன் கையால் எது முடியாது என்று தெரிந்தவரின் கையில்தான் நீங்கள் பத்திரமாக இருப்பீர்கள். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த மருத்துவச்சிகள் எல்லோரும் சரியான நேரத்தில் கைமாற்றியவர்கள். அனுப்பிவைப்பதைத் தோல்வியாக நினைக்கும் ஒருவரிடம், அவர் மருத்துவராகவே இருந்தாலும், பிரசவத்தை ஒப்படைக்காதீர்கள்.

இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். வலி நேரத்தில் பிள்ளையின் துடிப்பை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கேட்பீர்கள் என்பது ஒன்று. வலி நன்றாகப் பிடித்த பிறகு அரை மணிக்கு ஒருமுறையும், முக்கும் நேரத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் கேட்க வேண்டும். வலியின்போது எழுந்து நடக்க விடுவீர்களா, கஞ்சியோ தண்ணீரோ குடிக்கலாமா, விருப்பப்பட்ட பக்கம் சாய்ந்துகொள்ளலாமா என்பது மற்றொன்று. விடுவோம் என்று சொல்ல வேண்டும்.

சிசேரியன் பயத்துக்கு வருகிறேன். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். சிக்கலான பெண்களையெல்லாம் கடைசியில் அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்புகிறார்கள். அப்படியிருந்தும் அங்கே எண்ணிக்கை குறைவாக இருப்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இந்த அளவு சிசேரியன் எல்லாம் உடம்புக்குத் தேவைப்பட்டதால் நடந்தது என்று நான் நம்பவில்லை. அதே சமயம், தேவைப்படும் நேரத்தில் அதை மறுத்தால் போவது பிள்ளையின் உயிர். ஆகவே “சிசேரியனே வேண்டாம்” என்று சொல்லாதீர்கள். “ஏன் இப்போது, காத்திருந்தால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். காரணத்தை உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

தேவையில்லாத சிசேரியனைக் குறைக்க உங்கள் கையில் இருப்பது, சும்மா சும்மா வரும் பொய்வலிக்கே ஓடிப்போய்ப் படுக்கையில் சேராமல் இருப்பது. முதல் பிரசவத்தில் வாய் மெல்ல மெல்லத்தான் திறக்கும். 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவ வலி முழு வேகத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனமே கணக்கு வைத்திருக்கிறது. அதற்கு முன் படுக்கையில் கிடத்தி, நேரமாகிவிட்டது என்று சொல்லி ஊசியும் கத்தியுமாக ஆரம்பிப்பதில்தான் பாதிக் கதை போகிறது. எப்போது புறப்பட வேண்டும் என்று உங்கள் கிராம சுகாதார செவிலியரான வி.எச்.என். அக்காவிடம் இப்போதே கேட்டு வையுங்கள். ஆனால் நீர் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

உங்கள் அக்காவைத் திட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வலியில் கிடக்கும் பெண்ணிடம் அப்படிப் பேச யாருக்கும் உரிமை கிடையாது. வேலைப் பளு அதற்குச் சாக்கு ஆகாது. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து, கூடவே ஒரு பெண் இருப்பது. பிரசவ அறையில் உடன் ஒரு பெண்துணை இருக்க அரசு மருத்துவமனைகளிலேயே அனுமதி உண்டு. பக்கத்தில் ஆள் இருந்தால் யாரும் அவ்வளவு எளிதில் குரலை உயர்த்த மாட்டார்கள். அதைவிடப் பெரிய நன்மை, விடாமல் பக்கத்தில் துணை இருக்கும் பெண்களுக்குச் சிசேரியன் குறைகிறது, பிரசவ நேரமும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அப்பத்தாவுக்கு நான் சொன்ன இடம் இதுதான். உங்கள் அம்மாவுக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்றாலோ, மாமியாருக்கு மனம் ஆறவில்லை என்றாலோ, அந்த அப்பத்தாவையே துணையாக அழைத்துப் போங்கள். இடுப்பை நீவிவிட, மூச்சை இழுத்து விடச் சொல்ல, பயப்படாதே என்று காதில் சொல்ல அவரைவிடத் தேர்ந்தவர் கிடைக்க மாட்டார். மாமியாரிடமும் இப்படியே சொல்லுங்கள், “அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை அத்தை, அவரோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்” என்று. மூன்று விஷயங்களை மட்டும் அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளக் கூடாது. தொப்புள்கொடியில் சாம்பலோ மஞ்சளோ எதுவும் வைக்கக் கூடாது. பச்சிளம் பிள்ளைகளை இழுத்துப்போட்டுக் கொன்ற ரண ஜன்னியை ஒழித்துவிட்டதாக 2015-இல் இந்தியா சான்று பெற்றதற்கு, தடுப்பூசியோடு சுத்தமான கத்தியும் காய்ந்த தொப்புளும் காரணம். பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் தொட்டுவைக்கக் கூடாது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், அது மட்டும்தான்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த விஷயம். நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. தாய்வீடு தங்கச்சிமடம், நாள் நவம்பர் கடைசி. அதாவது ஐந்தாம் மாதம் வரை உங்களைப் பார்த்த வி.எச்.என். ஒருவர், வளைகாப்பு முடிந்து போனபின் பார்ப்பவர் வேறொருவர். நம் பக்கத்தில் முதல் பிரசவப் பெண்கள் கைநழுவிப் போவது இந்த இடத்தில்தான். ரத்தம் குறைவு என்று இங்கே எழுதிய குறிப்பு அங்கே போய்ச் சேர்வதில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணும் தாய்-சேய் நல அட்டையும் எப்போதும் கையில் இருக்கட்டும். தாய்வீட்டுக்குப் போகும் தேதி முடிவானதும் இங்குள்ள செவிலியரிடம் சொல்லி, தங்கச்சிமடம் செவிலியரின் தொலைபேசி எண்ணை வாங்கிப் பேசிவிடுங்கள். ஏழாம் மாதத்திலேயே ஒருமுறை அங்கே போய், பிரசவம் பார்க்கப்போகும் இடத்தை அம்மாவோடு பார்த்துவிட்டு வாருங்கள். மேலே சொன்ன கேள்விகளை அங்கேதான் கேட்க வேண்டும், இங்கே இல்லை. கூடவே இதையும் கேளுங்கள்: ராமேஸ்வரத்திலேயே இரவு நேரத்தில் அறுவை சிகிச்சை செய்ய மருத்துவர், மயக்க மருத்துவர், ரத்தம் மூன்றும் இருக்குமா, இல்லை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டுமா? தங்கச்சிமடத்திலிருந்து அது 40 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் புகுந்த ஊர் பக்கமிருந்து பார்த்தால் தேவிபட்டினத்திலிருந்து ராமநாதபுரம் 15 கிலோமீட்டர்தான்.

நவம்பர் நமக்கு மழை மாதம். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தீவில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். புயல் எச்சரிக்கை வந்த இரவில் பாம்பன் பாலத்தைத் தாண்ட வேண்டிய நிலை எந்தக் கர்ப்பிணிக்கும் வரக் கூடாது. என் கருத்து இது: அக்டோபர் கடைசியில் உங்கள் ரத்தம் 11-ஐத் தொட்டு, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருந்து, பிள்ளை தலைகீழாக இறங்கியிருந்தால் தங்கச்சிமடத்தில் இருக்கலாம். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் நவம்பர் முதல் வாரத்திலேயே, அதாவது 37 வாரம் நிறையும்போதே, பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். ராமநாதபுரத்தில் உறவினர் வீடு இருந்தால் அம்மாவும் நீங்களும் அங்கே தங்கலாம். இல்லையென்றால் முன்னதாகவே மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ளும்படி மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். தாய்வீட்டில்தான் முதல் பிள்ளை பிறக்க வேண்டும் என்று யாராவது வருத்தப்பட்டால், அம்மா உடன் இருக்கும் இடம்தான் தாய்வீடு என்று சொல்லுங்கள்.

கணவர் கடலில் இருக்கும் நாளில் வலி எடுத்தால் கையெழுத்துக்கு என்ன செய்வது என்று சிலர் பயமுறுத்துவார்கள். உங்களுக்கு 23 வயது. உங்கள் சிகிச்சைக்கு உங்கள் கையெழுத்தே போதும். அவரிடம் செய்து வாங்க வேண்டிய வேலை வேறு. உங்கள் ரத்த வகையைத் தெரிந்துகொண்டு, ரத்தம் கொடுக்கக்கூடிய, கரையில் இருக்கும் இரண்டு பேரைப் பேசி வைக்கச் சொல்லுங்கள். கூட்டாளிகள் எல்லோரும் ஒரே படகில் போகிறவர்களாக இருந்தால் பயனில்லை. 108 வரத் தாமதமானால் எடுத்துவர ஒரு வண்டிக்காரரின் எண்ணும் வேண்டும்.

இப்போது ரத்தம் 9.2. இதைச் சரிசெய்ய நான்கு மாதம் இருக்கிறது, போதும். ஒரு நாளைக்கு இரண்டு இரும்புச்சத்து மாத்திரை தேவைப்படலாம். செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டு ஆரம்பியுங்கள். டீயோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாக ஏறும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயந்து நிறுத்திவிடாதீர்கள். மாதம் ஒருமுறை பார்த்தும் ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள், அதற்கும் தயங்க வேண்டாம். சாளையும் முருங்கைக் கீரையும் நம் ஊரில் மலிவு. மீன் நல்லது, கருவாட்டை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த உப்பு உங்களுக்கு இப்போது வேண்டாம்.

குளுக்கோஸ் பரிசோதனையைத் தள்ளிப்போட்டது சரியில்லை அம்மா. கர்ப்ப காலச் சர்க்கரைக்கு எந்த அறிகுறியும் இருக்காது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி.சேஷய்யா, சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கும் எளிய முறையைப் பரப்பினார். அதைத்தான் இன்று நாடு முழுவதும் செய்கிறார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து 5 முதல் 10 நிமிடம் வரை மெல்ல மெல்லக் குடிக்கலாம், ஒரே மடக்கில் குடிக்க வேண்டியதில்லை. 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை இருக்கிறது. அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் மீண்டும் செய்துகொள்ளலாம். இந்த வாரமே போங்கள். 24 வாரத்துக்கு மேல் மறுபடியும் ஒருமுறை. கருப்பட்டி சர்க்கரையைக் கூட்டாது என்று நம்பி சாயல்குடிக் கருப்பட்டியாகத் தேடிச் சாப்பிடும் பெண்களைப் பார்க்கிறேன். அதுவும் சர்க்கரைதான்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாமியார் கேட்பார். அரசு நிலையத்தில் பிரசவத்துக்குச் செலவு இல்லை. வீட்டில் கொண்டுவந்து விட 102 வண்டி உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணைகளாகக் கிடைக்கும். பதிவையும் பரிசோதனைகளையும் தவறவிட்டால் தவணையும் தள்ளிப்போகும். வீட்டில் பிரசவம் பார்க்கும் சிஸ்டருக்குக் கொடுக்க எடுத்துவைத்த தொகையை, நவம்பரில் ராமநாதபுரத்தில் தங்க நேர்ந்தால் அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடுமையான தலைவலி, கண் மங்கல், முகத்தில் வீக்கம், வலிப்பு, எந்த மாதத்திலும் ரத்தம் படுதல், இவற்றில் ஒன்று வந்தாலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக, பிரசவம் முடிந்தபின் நடப்பது. சுகப்பிரசவம் என்றால் அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம் என்று சொந்தக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். நான் முதலில் சொன்ன ரத்தப்போக்கு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்தான் வரும். 48 மணி நேரம் முடியும் வரை மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் 42 நாள் வரை வி.எச்.என். அக்கா அவ்வப்போது வந்து உங்களையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும். முதல் வருகை எந்த நாள் என்று மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே தொலைபேசியில் கேட்டு, அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.